தலைமடையில் வைக்கும் மதகு

அத்தியாயம் 7: சம்பளக்காரருக்கும் முதலாளிக்கும் வேலை, பாதுகாப்பு, ஓய்வுக்காலம்

கல்லணைக் கால்வாயில் தண்ணீர் திறந்தால் அது பேராவூரணிப் பக்கத்துக் கடைமடைக்குப் போய்ச் சேர நாள் பிடிக்கும். வழியில் கரை உடையக்கூடாது, வாய்க்கால் தூர்ந்திருக்கக்கூடாது, ஆற்றில் வரத்து குறையக்கூடாது. எல்லாம் சரியாக நடந்தால்தான் கடைசி வயல் நனையும். டெல்டாவில் பிறந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

முதுமைக்கான பணமும் இதே போலத்தான் ஓடுகிறது. மாதச் சம்பளக்காரருக்கு பி.எஃப். பணத்தைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் சம்பளமே கைக்கு வருகிறது. அது தலைமடைப் பாசனம். சொந்தத் தொழில் செய்கிறவர் சரக்கு, கூலி, வாடகை, வட்டி, பிள்ளைகள் படிப்பு, வீட்டுக் கல்யாணம் எல்லாம் போக மிஞ்சினால் முதுமைக்குச் சேர்க்கலாம் என்று இருக்கிறார். அது கடைமடை. பல வருஷம் அங்கே தண்ணீர் எட்டுவதே இல்லை.

இந்த அத்தியாயம் சொல்ல வருவது ஒன்றுதான். முதுமைக்கான மதகைத் தலைமடையில் வையுங்கள். சம்பளக்காரருக்குச் சட்டம் ஒரு மதகை வைத்துக் கொடுத்திருக்கிறது. அது அடைபடாமல் காப்பது அவர் பொறுப்பு. முதலாளிக்கு யாரும் வைத்துத் தரமாட்டார்கள். அவரேதான் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த மண் கற்ற பாடம்

வேலைப் பாதுகாப்புக்காகத் தனிச் சட்டமே கண்ட மண் இது. 1952-ல், ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது, தஞ்சை மாவட்டத்துக்கென்றே குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பரம்பரையாக ஒரே பண்ணையில் உழைத்தவர்களை நினைத்த மாத்திரத்தில் வெளியேற்றக்கூடாது என்றது அது. ஆனால், பண்ணையாளை வைத்திருந்தால்தானே இந்தச் சட்டம் பிடிக்கும் என்று பல நிலக்காரர்கள் தினக்கூலிக்கு மாறிக்கொண்டார்கள். உழைத்தவர்கள் அதே வயலில் அதே நடவையும் அறுவடையையும்தான் செய்தார்கள். ஆனால் எந்த ஏட்டிலும் அவர்கள் பெயர் இல்லை.

1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிந்து மாண்டார்கள். விவசாயத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு நடத்திய போராட்டத்தின் நடுவே நடந்த கொடுமை அது. அதன்பின் கூலிப் பிரச்சினையை ஆராயக் கணபதியா பிள்ளை ஆணையம் அமைந்தது; 1969-ல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது.

ஏட்டில் பெயர் இல்லாமல் சட்டப் பாதுகாப்பை இழந்த பண்ணையாளின் அன்றைய நிலைதான் இன்று பெயர்ப் பதிவு இல்லாத கடைப் பணியாளுக்கும். முதலாளி நல்லவராக இருக்கலாம். அவருக்குப் பின் கடை யார் கைக்குப் போகும் என்று தெரியாது. உங்கள் பெயர் ஏட்டில் இருந்தால்தான் சட்டம் உங்களுக்காகப் பேசும்.

சம்பளக்காரர் கையில் இருப்பது

20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்துக்கு பி.எஃப். கட்டாயம். தொழிலாளி பங்கு 12 சதவீதம், முதலாளி பங்கு 12 சதவீதம். முதலாளி பங்கில் 8.33 சதவீதம் பென்ஷன் நிதிக்குப் போகிறது. அதற்கு மாதம் 15,000 ரூபாய்ச் சம்பளம் வரைதான் கணக்கு. 10 பேர் இருந்தாலே பணிக்கொடையும் உண்டு. 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்குவோருக்கு ஈ.எஸ்.ஐ. மருத்துவமும் உண்டு, அதற்குத் தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம்.

ஒரு கணக்குப் போடுவோம். அரிசி ஆலை ஒன்றில் கணக்கு எழுதுகிறவர் 28 வயதில் சேர்கிறார், 58 வரை வேலை செய்கிறார். சம்பளம் 15,000 ரூபாயிலேயே நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாதம் 1,800 அவர் பங்கு, 1,800 முதலாளி பங்கு. இதில் 1,250 பென்ஷனுக்குப் போக, 2,350 ரூபாய் பி.எஃப். கணக்கில் சேரும். வட்டி 8 சதவீதம் என்று வைத்தால் 30 ஆண்டில் ஏறத்தாழ 33 லட்சம் ரூபாய்.

பென்ஷன் கணக்கு எளிது. சம்பளத்தைப் பணி ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். 20 ஆண்டு தாண்டியவர்களுக்கு 2 ஆண்டு கூட்டித் தருவார்கள். ஆக 32 ஆண்டு. மாதம் 6,857 ரூபாய். பணிக்கொடை, ஆண்டுக்கு 15 நாள் சம்பளம் என்ற கணக்கில் 2,59,615 ரூபாய். வேலையில் இருக்கும்போதே இறந்துவிட்டால் பி.எஃப். உறுப்பினரின் குடும்பத்துக்கு 7 லட்சம் வரை காப்பீடும் உண்டு.

இதைவிடக் கூடுதலாகச் சம்பளம் வாங்கியும் கடைசியில் வெறுங்கையோடு நிற்கிறவர்கள் இருக்கிறார்கள். மதகு அடைபடுவது பெரும்பாலும் நான்கு இடங்களில்.

முதலாவது, வேலை மாறும்போது பி.எஃப். பணத்தை எடுத்துவிடுவது. பென்ஷனுக்குக் குறைந்தது 10 ஆண்டுப் பணி வேண்டும். நான்கு ஆண்டு இங்கே, மூன்று ஆண்டு அங்கே என்று ஒவ்வொரு முறையும் எடுத்துவிட்டால் 30 ஆண்டு உழைத்தும் 10 ஆண்டு கணக்கில் சேராது. பழைய கணக்கைப் புதிய நிறுவனத்துக்கு மாற்றுங்கள். பி.எஃப். உறுப்பினருக்குத் தரும் யு.ஏ.என். எண் ஆயுள் முழுக்க ஒன்றே இருக்கட்டும்.

இரண்டாவது, பிடித்த பணம் கட்டப்பட்டதா என்று பார்க்காமல் இருப்பது. சம்பளச் சீட்டில் பிடித்தம் இருப்பதால் மட்டும் அது கணக்கில் சேர்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். மாதம் ஒருமுறை செல்போனில் பாஸ்புக்கைப் பாருங்கள்.

மூன்றாவது, வாரிசு நியமனம். கல்யாணத்துக்கு முன் கொடுத்த நியமனம் கல்யாணம் ஆனதும் செல்லாது. புதிதாகக் கொடுக்க வேண்டும்.

நான்காவது, பிறந்த தேதியும் பெயரும். ஆதாரில் ஒன்று, பள்ளிச் சான்றிதழில் ஒன்று, பி.எஃப். கணக்கில் ஒன்று என்று இருந்தால் 58 வயதில் அலைய வேண்டி வரும். 35 வயதிலேயே சரிசெய்துவிடுங்கள்.

20 பேருக்குக் குறைவான இடங்களில் வேலை செய்கிறவர்கள்

டெல்டாவின் கடைத்தெருக்களில் பெரும்பாலான கடைகள் இந்தக் கோட்டுக்குக் கீழேதான். ஜவுளிக்கடை, பாத்திரக்கடை, நெல் மண்டி, உணவகம், உரக்கடை என்று நாலைந்து பேரோடு ஓடுபவை. கொள்முதல் காலத்தில் மட்டும் நெல் கொள்முதல் நிலையங்களில் மூட்டை தூக்குகிறவர்களும் இருக்கிறார்கள். சுவாமிமலையில் சிலை வார்க்கும் பட்டறைகளிலும் திருபுவனத்தில் பட்டுத் தறியிலும் உட்கார்ந்திருப்பவர்கள் வேறு. இவர்களுக்கு மூன்று வழிகள்.

ஒன்று, நலவாரியம். 1982-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் தையல், கைத்தறி, பொற்கொல்லர், ஆட்டோ ஓட்டுநர், சலவை, முடிதிருத்தம் எனப் பல தொழில்களுக்கு வாரியங்கள் உண்டு. 60 வயதில் ஓய்வூதியம் கிடைக்கும். பதிவைப் புதுப்பிக்காமல் விட்டால் உரிமை போய்விடும்.

இரண்டு, அடல் பென்ஷன் திட்டம். 18 முதல் 40 வயதுக்குள் வங்கியிலோ அஞ்சலகத்திலோ சேரலாம். வருமான வரி கட்டுகிறவர்கள் சேர முடியாது. 60 வயதில் மாதம் 5,000 ரூபாய் வேண்டும் என்றால், 18 வயதில் சேர்கிறவர் மாதம் 210 ரூபாய் கட்டினால் போதும். 30 வயதில் சேர்ந்தால் 577. 40 வயதில் 1,454. இந்த மூன்று எண்களையும் உங்கள் கடைப் பையனுக்கு ஒருமுறை படித்துக் காட்டுங்கள்.

மூன்று, முதலாளியும் தொழிலாளரும் சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவு. 20 பேர் இல்லாத நிறுவனமும், முதலாளியும் பெரும்பான்மைத் தொழிலாளரும் சம்மதித்தால், தானாக முன்வந்து பி.எஃப்.-இல் சேரலாம். நல்ல ஆள் நிலைப்பதில்லை, திருப்பூருக்கும் சென்னைக்கும் போய்விடுகிறார்கள் என்று குறைப்படும் முதலாளிகள் இதை யோசிக்க வேண்டும்.

முதலாளியின் நிலை

இப்போது கல்லாவுக்கு அந்தப் பக்கம் வருவோம். முதலாளியை யாரும் வேலையை விட்டு நீக்க முடியாது. 58 வயதில் போ என்று சொல்ல ஆளில்லை. வருமானத்துக்கு உச்சவரம்பும் இல்லை. இவை உண்மையான நன்மைகள்.

ஆனால் அவருக்குப் பணிக்கொடை கிடையாது, பி.எஃப். கிடையாது. தனி உரிமையாளர் தன் கடைக்குத் தானே தொழிலாளி ஆக முடியாது. ஆகவே எத்தனை பேருக்கு பி.எஃப். கட்டினாலும் தனக்குக் கட்டிக்கொள்ள முடியாது. தனி உரிமையில் கடைக் கடனும் வீட்டுக் கடனும் சட்டத்தின் கண்ணுக்கு ஒன்றுதான். கடை நொடித்தால் வீடும் ஏலத்துக்கு வரலாம்.

இங்கே தொழில் எதுவானாலும் அது ஆற்றோடு கட்டப்பட்டது. மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறக்க வேண்டும் என்பது வழக்கம். 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் ஒருமுறைகூட அந்தத் தேதியில் திறக்க முடியவில்லை. 2024-ல் ஜூலை 28-ல்தான் திறந்தார்கள். குறுவை போனால் விவசாயிக்கு மட்டுமா நஷ்டம்? உரக்கடை, டிராக்டர் பட்டறை, ஜவுளிக்கடை, நகைக்கடை எல்லாவற்றிலும் வியாபாரம் வற்றும். தொழிலிலிருந்து வருகிற வருமானமும் முதுமைக்கான சேமிப்பும் ஒரே ஆற்றை நம்பியிருந்தால், வறட்சி வரும்போது இரண்டும் சேர்ந்தே காயும்.

முதலாளிகள் வழக்கமாகச் சொல்லும் மூன்று பதில்களைப் பார்ப்போம்.

“கடைதான் எனக்குப் பென்ஷன்.” கடையின் மதிப்பில் பெரும்பகுதி உங்கள் முகத்துக்கும் பேச்சுக்கும் வருகிற வாடிக்கை. நீங்கள் எழுந்தால் அதுவும் எழுந்துவிடும். மிஞ்சுவது சரக்கும், வசூலாகாத பாக்கிப் பேரேடும். வாங்குகிறவர் அவற்றுக்கு முழு விலை தரமாட்டார்.

“நிலமும் தோப்பும் இருக்கிறதே.” தென்னங்கன்றைப் பிள்ளை என்றே சொல்கிறோம், வயதான காலத்தில் அது சோறு போடும் என்ற நம்பிக்கை அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரை கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பகுதிகளில் முப்பது நாற்பது வருஷத்து மரங்கள் விடிவதற்குள் சாய்ந்து கிடந்தன. புதிதாக வைத்த பிள்ளை காய்க்க வருஷங்கள் பிடிக்கும். அன்று 60 வயதில் இருந்தவருக்கு அந்தக் காத்திருப்பு எவ்வளவு கொடுமை என்று நினைத்துப் பாருங்கள். நிலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதை மட்டுமே நம்ப வேண்டாம்.

“பையன் பார்த்துக்கொள்வான்.” பார்த்துக்கொள்வான் என்றே நம்புவோம். அவனுக்கும் பிள்ளைகள் படிக்க வேண்டும், அவன் தொழிலுக்கும் கெட்ட வருஷம் வரும். மருந்துச் செலவுக்கு அவனிடம் கேட்கும் நிலையில் இருப்பதும், பேரனுக்குக் கொலுசு வாங்கித் தரும் நிலையில் இருப்பதும் வேறு வேறு முதுமைகள்.

முதலாளி தனக்கு வைக்க வேண்டிய மதகு

1. உங்களுக்கு ஒரு சம்பளம் போடுங்கள். கல்லாவிலிருந்து வேண்டும்போது எடுக்கும் பழக்கத்தை இன்றோடு நிறுத்துங்கள். உங்கள் வேலையை வேறொருவர் செய்தால் என்ன தருவீர்களோ, அந்தத் தொகை மாதம் ஒரு தேதியில் வீட்டுக் கணக்குக்குப் போகட்டும். கடை உண்மையிலேயே லாபத்தில் ஓடுகிறதா என்பது அப்போதுதான் தெரியும்.

2. அந்தச் சம்பளத்தில் இரண்டு பங்கையும் நீங்களே பிடியுங்கள். தொழிலாளிக்கு 12, முதலாளிக்கு 12, ஆக 24 சதவீதம். நீங்கள்தான் இரண்டு பேரும். விவசாயிக்கும் மண்டிக்காரருக்கும் மாத வருமானம் கிடையாது. அவர்கள் கண்டுமுதல் ஆனதும், களத்திலிருந்து நெல் ஏறிய பணம் வங்கிக்கு வந்த அன்றே, கடன்காரர் வருவதற்கு முன் பிடிக்க வேண்டும். விதைநெல்லை அளந்து தனியே வைத்த பிறகுதானே மற்றதை விற்கிறோம்.

3. பணத்தைக் கடைக்கு வெளியே, எளிதில் கை வைக்க முடியாத இடத்தில் போடுங்கள். பொது வருங்கால வைப்பு நிதி என்கிற பி.பி.எஃப். கணக்கு அஞ்சலகத்திலும் வங்கியிலும் உண்டு. ஆண்டுக்கு 500 ரூபாய் முதல் ஒன்றரை லட்சம் வரை போடலாம், 15 ஆண்டு, பிறகு ஐந்தைந்து ஆண்டாக நீட்டலாம். தொழில் செய்கிறவருக்கு இதில் ஒரு பெரிய பாதுகாப்பு இருக்கிறது: கடன்காரர் நீதிமன்றம் போனாலும் இந்தக் கணக்கை ஜப்தி செய்ய முடியாது.

அரிசி ஆலைக் கணக்கரின் பேரில் போன அதே 3,600 ரூபாயை முதலாளி மாதந்தோறும் பி.பி.எஃப்.-இல் போட்டு, 7.1 சதவீத வட்டி மாறாமல் இருந்தால், 30 ஆண்டில் ஏறத்தாழ 43 லட்சம். 45 வயதில் விழித்துக்கொண்டு 15 ஆண்டு மட்டும் போட்டால் ஏறத்தாழ 11 லட்சம். மாதம் கட்டுகிற தொகை ஒன்றேதான். தள்ளிப்போட்ட 15 ஆண்டுக்குத்தான் இத்தனை விலை.

இதற்கு மேல் போட முடிந்தவர்களுக்கு 2009 முதல் எல்லாருக்கும் திறந்திருக்கும் தேசிய ஓய்வூதியத் திட்டம் இருக்கிறது. அதில் சேரும் தொகையில் ஒரு பகுதியைக் கட்டாயம் மாதப் பென்ஷனாக மாற்ற வேண்டும். மொத்தமாகக் கையில் வந்தால் மறுபடி சரக்கில் போட்டுவிடுகிற கைகளுக்கு அந்தக் கட்டுப்பாடு நல்லது.

4. ஆயுள் காப்பீட்டை 1874-ஆம் ஆண்டுத் திருமணமான பெண்கள் சொத்துரிமைச் சட்டத்தின் கீழ் எடுங்கள். பாலிசி எடுக்கும்போதே அதைக் குறிப்பிட வேண்டும். அப்படி எடுத்தால் பணம் மனைவி, பிள்ளைகளுக்கே போகும். கடன்காரர் உரிமை கோர முடியாது.

5. ஓராண்டு வீட்டுச் செலவைத் தனியே வையுங்கள். சம்பளக்காரருக்கு ஆறு மாதம் போதும். ஆற்றை நம்பி வாழ்கிறவருக்கு, ஒரு போகம் தவறினால் அடுத்த போகம் வரை ஓட்ட வேண்டும்.

6. குடியிருக்கும் வீட்டுப் பத்திரத்தைத் தொழில் கடனுக்கு அடமானம் வைக்காதீர்கள். அடுத்தவர் கடனுக்கு ஜாமீன் கையெழுத்தும் போடாதீர்கள்.

சிறு விவசாயிக்கும் சிறு வியாபாரிக்கும்

நிலம் இருப்பதால் ஊர் இவரை முதலாளி என்கிறது. வருமானமோ கூலிக்காரர் அளவுதான். 2 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ 5 ஏக்கர் வரை நிலமுள்ள விவசாயிகளுக்கு 2019-ல் மத்திய அரசு கிசான் மான்தன் திட்டம் கொண்டுவந்தது. 18 முதல் 40 வயதுக்குள் சேர வேண்டும். வயதுக்கேற்ப மாதம் 55 முதல் 200 ரூபாய். அதே அளவு அரசும் போடும். 60 வயதில் மாதம் 3,000. ஆண்டு வியாபாரம் ஒன்றரைக் கோடிக்குள் உள்ள, வருமான வரி கட்டாத சிறு வியாபாரிகளுக்கும் இதே போன்ற திட்டம் அதே ஆண்டில் வந்தது.

இதை முழு ஏற்பாடாக எடுத்துக்கொள்ள வேண்டாம். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் 12 ஆண்டில் பணத்தின் பெறுமானம் பாதியாகிவிடும். 24 ஆண்டு கழித்து வரும் 3,000 ரூபாய் இன்றைய 750 ரூபாய்க்குச் சமம்.

கோயில் நிலம், மடத்து நிலம், பிறர் நிலம் என்று குத்தகைக்குச் சாகுபடி செய்கிறவர்கள், 1969-ஆம் ஆண்டுக் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டப்படி தங்கள் பெயரைப் பதிவு செய்ய முயல வேண்டும். நிலம் உள்ளவர்களுக்கான கிசான் மான்தன் திட்டம் கிடைக்காத குத்தகைதாரருக்கு அடல் பென்ஷன் திட்டம் திறந்தே இருக்கிறது.

சொத்தை எழுதிக் கொடுக்கும் முன்

ஓய்வுபெறும் முதலாளி கடையையும் நிலத்தையும் பிள்ளைகளுக்கு எழுதிவைப்பது வழக்கம். பாசத்தோடு கொடுங்கள், ஆனால் பத்திரத்தில் இரண்டு வரி சேருங்கள். ஒன்று, ஆயுள் உள்ளவரை வருமானத்தை அனுபவிக்கும் உரிமை உங்களுக்கும் உங்கள் துணைக்கும் இருக்கட்டும். இரண்டு, அடிப்படைத் தேவைகளையும் மருத்துவத்தையும் கவனிக்க வேண்டும் என்ற நிபந்தனை. 2007-ஆம் ஆண்டுப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, அந்த நிபந்தனை மீறப்பட்டால் பத்திரத்தைச் செல்லாததாக்க வழி தருகிறது. கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். நிபந்தனை எழுதியிருந்தால் வழக்கு எளிது. பிள்ளை மீது சந்தேகப்பட்டு எழுதுவதாக நினைக்க வேண்டாம். உங்களுக்குப் பின் தனித்திருக்கப்போகும் மனைவியை நினைத்து எழுதுங்கள்.

வேலையை விட்டுத் தொழில் தொடங்குகிறவருக்கு

பி.எஃப். பணத்தை முதலாகப் போட்டுக் கடை திறக்காதீர்கள். அது உங்கள் 60 வயதுக்குச் சொந்தமான பணம். 10 ஆண்டுப் பணி முடியச் சில மாதங்களே இருந்தால் பொறுத்திருந்து முடித்துவிட்டு வாருங்கள். ஆயுள் முழுக்க ஒரு சிறு பென்ஷன் உறுதியாகும். 5 ஆண்டு முடிந்தால் பணிக்கொடை. இந்தத் தேதிகளைப் பார்த்து ராஜினாமாக் கடிதம் எழுதுங்கள்.

இந்த மாதம் செய்ய வேண்டியவை

சம்பளக்காரர்: பி.எஃப். பாஸ்புக்கைப் பாருங்கள். வாரிசு நியமனத்தைச் சரிபாருங்கள். பழைய கணக்குகளை ஒன்றாக்குங்கள்.

பதிவில்லாத தொழிலாளி: நலவாரிய அட்டையைப் புதுப்பியுங்கள். 40 வயது தாண்டுவதற்குள் அடல் பென்ஷனில் சேருங்கள்.

விவசாயி: பட்டா, சிட்டா, ஆதார் மூன்றிலும் பெயர் ஒன்றுபோல இருக்கிறதா என்று பாருங்கள். வருகிற கண்டுமுதலில் முதல் பிடித்தம் எவ்வளவு என்று இப்போதே முடிவு செய்யுங்கள்.

முதலாளி: உங்கள் சம்பளத்தை ஒரு தாளில் எழுதிக் கல்லாப்பெட்டிக்குள் ஒட்டுங்கள். பி.பி.எஃப். கணக்கு இல்லையென்றால் அஞ்சலகத்துக்குப் போங்கள். உங்களிடம் வேலை செய்கிறவர்களையும் கூட அழைத்துப் போங்கள். அவர்கள் முதுமையும் உங்கள் கடையில்தான் தேய்கிறது. பி.பி.எஃப்.-இல் மாதம் 5-ஆம் தேதிக்குள் போட்டால்தான் அந்த மாதத்து வட்டி சேரும். வருகிற 5-ஆம் தேதியைத் தவறவிடாதீர்கள்.